பாஸ் மரபியல்

பாயிரம்

எந்த நூலுக்கும் பாயிரம் வேண்டும் என்பது பழைய மரபு. பாயிரம் இல்லாத நூல், பெட்டரி இறங்கிய லொறி. ஓடும், ஆனால் தள்ளிவிட நாலு பேர் வேண்டும். ஆகவே பெயர், எல்லை, பொருள், பயன் ஆகியவற்றை முதலில் சொல்லிவிடுவோம்.

பெயர்: பாஸ் மரபியல். எல்லை: வடக்கே மாவனெல்லை, தெற்கே இறக்குவானை, மேற்கே ருவன்வெல்ல, கிழக்கே பலாங்கொடை. இந்நான்கெல்லைக்குள் கிடக்கும் சப்ரகமுவத் தேயிலை, ரப்பர் தோட்டங்களும், அவற்றின் லொறிகள் மூச்சிரைக்க வந்து படுக்கும் தெருவோரக் கராஜ்களும் இந்நூலின் நிலம். பொருள்: டீசல் மெக்கானிக் என்னும் உயிர் எப்படித் தோன்றி வளர்கிறது என்பது. பயன்: கடைசியில் சொல்லப்படும். முதலிலேயே சொன்னால் கடைசிவரை யார் வருவார்?

'பாஸ்' என்ற சொல்லுக்கு உரை வேண்டும். தச்சர், மேசன், மெக்கானிக் என்று கைத்தொழில் கைவந்த எவரையும் இலங்கையில் பாஸ் என்கிறோம். இது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். அவர்கள் 1796இல் கரையோரத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும்போது இந்தச் சொல்லையும், சிங்களத்தில் இஸ்குருப்பு ஆகிவிட்ட திருகாணியையும் எடுத்துப்போக மறந்தார்கள். ஆங்கிலத்துப் 'பொஸ்' என்பதும் அதே ஒல்லாந்து வேரில் முளைத்ததுதான். வேர் ஒன்று, கிளை இரண்டு: பொஸ் நாற்காலியில் சாய்ந்திருப்பவர், பாஸ் லொறிக்கு அடியில் மல்லாந்திருப்பவர். பாஸிடம் தொழில் பழகும் பையனுக்குச் சிங்களத்தில் கோலயா என்று பெயர். சீடன் என்பது பொருள். தோட்டத் தமிழரும் அப்படியே சொல்கிறோம்.

சீடரை வகைப்படுத்துவது தமிழுக்குப் புதிதில்லை. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் மாணாக்கரை அன்னத்தில் தொடங்கி நெய்யரியில் முடியும் எட்டுப் பொருளோடு உவமித்து, தலை, இடை, கடை என்று மூன்று தட்டில் வைத்தார். அந்த வகுப்பு கராஜுக்குப் பொருந்தவில்லை. பாலிலிருந்து நீரைப் பிரிக்க அன்னம் வேண்டும். டீசலிலிருந்து நீரைப் பிரிக்க ஃபில்டருக்குக் கீழே ஒரு கிண்ணம் போதும். ஆகவே இன்னும் பழைய ஆளிடம் போனோம். தொல்காப்பியர் தம் மரபியலில் உயிர்களை ஓரறிவிலிருந்து ஆறறிவு வரை அடுக்குகிறார்: தொடுவது, சுவைப்பது, முகர்வது, பார்ப்பது, கேட்பது, கடைசியில் நினைப்பது. கராஜில் ஒரு பையன் வளரும் வரிசையும் பிசகாமல் இதுவே. தொல்காப்பியர் எங்கோ ஒரு கராஜில் சில மாதம் டோர்ச் பிடித்திருக்க வேண்டும்.

1. நில இயல்

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நிலம், பிரதான வீதியிலிருந்து ஒரு லொறி நீளம் உள்ளே தள்ளிய, ஒயில் குடித்துக் கறுத்த மண்தரை. பெரும்பொழுது மழைக்காலம், இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுவதால் மற்றக் காலங்களைத் தேடி எடுப்பது சிரமம். சிறுபொழுது மாலை ஐந்தரை. "நாளைக் காலையில கட்டாயம் வேணும் பாஸ்" என்று வாகனங்கள் வந்து சேரும் நேரம் அது.

கருப்பொருள் வருமாறு. தெய்வம்: பிள்ளையாரும் புத்தரும் ஒரே பலகையில், ஒரே சிவப்பு பல்ப் வெளிச்சத்தில். மரம்: பலா, அதன் கிளையில்தான் செயின் புளொக் தொங்கும், அதில்தான் எஞ்சின் தொங்கும். விலங்கு: எந்த வாகனம் எப்போது கிளம்பும் என்று பாஸைவிடத் தெளிவாகத் தெரிந்து, கிளம்பாத வாகனத்தின் அடியில் மட்டும் படுக்கும் நாய். பறவை: காகம். உணவு: தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், பிளேன்டீ. பறை: சுத்தியல். பூ: கொட்டன் வேஸ்ட், காலையில் வெள்ளையாய் மலர்ந்து மாலையில் கறுத்து உதிரும்.

உரிப்பொருள், முல்லைக்குப் போலவே, இருத்தல். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பாகம் வரும்வரை பாஸ் இருப்பார். பாஸ் வரும்வரை டிரைவர் இருப்பார். டிரைவர் வரும்வரை மலையில் கொழுந்து மூட்டை இருக்கும். மூட்டைக்குள் கொழுந்து சூடேறிச் சிவந்துபோனால் தேயிலை கெடும். காத்திருத்தலின் விலையை இந்த நிலத்தில் கிலோவில் அளக்கலாம்.

2. எஞ்சின் இயல்

கோலயாவைப் பிரிப்பதற்குமுன் அவன் தொடப்போகும் பொருளைப் பிரிக்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும்; டீசலுக்கு வேண்டாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பின் அடிப்பக்கம் சுடுவதைத் தொட்டுப் பார்த்தவருக்கு டீசல் எஞ்சின் பாதி விளங்கிவிட்டது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று பிஸ்டன் நசுக்கும். நசுங்கிய காற்று 500 பாகை செல்சியசைத் தாண்டும். அந்தக் கணத்தில் நொசல் டீசலைப் பனிபோலத் தூவும். தீக்குச்சி இல்லாமலே பற்றும். இவ்வளவுதான் ரகசியம். இதைக் கண்டுபிடித்த ருடோல்ஃப் டீசல் 1858இல் பாரிசில் பிறந்த ஜெர்மானியர். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் ஒழுங்காக ஓடிக் காட்டியது. 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் தம் அறைக்குத் தூங்கப் போனவர் காலையில் அங்கே இல்லை. 'இதோ வந்துவிடுகிறேன்' என்று போய் வராமல் இருக்கும் பழக்கம் ஆதி பாஸிடமிருந்தே தொடங்குகிறது என்பர் வாடிக்கையாளர்.

இந்த நிலத்துக்கு டீசல் ஏன் இத்தனை முக்கியம் என்று கேட்டால், தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும். களனிவெளிச் சிறுபாதை யட்டியாந்தோட்டைக்கு 1903இலும் இரத்தினபுரிக்கு 1912இலும் ஓப்பநாயக்கவுக்கு 1919இலும் போய்ச் சேர்ந்தது. தேயிலைப் பெட்டியும் ரப்பர் கட்டும் அதிலேறிக் கொழும்புக்குப் போயின. இன்று ரயில் அவிசாவளையோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் ஏறுவதும் இறங்குவதும் எல்லாம் டீசல்தான்.

நோயாளிகள் நால்வகை. முதலாவது உழைப்பாளி: கொழுந்து லொறி. முதல் கியரில் பிறந்து இரண்டாம் கியரில் வாழ்ந்து முடிக்கும் சாதி. இரண்டாவது மூத்தோர்: மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின் போட்ட மசே பெர்குசன் 135 டிராக்டர். 1964இலிருந்து 1975 வரை செய்தார்கள். செய்தவர்கள் நிறுத்திவிட்டார்கள், டிராக்டர் நிறுத்தவில்லை. மூன்றாவது உறங்குவோர்: தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மின்சாரம் போனால் மட்டும் எழுப்பப்படும் ஜெனரேட்டர். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு வந்தபோது அதை எழுப்பப் போனார்கள். எழுந்தது, குடிக்கக் கேட்டது. டீசலும் இல்லாத காலம் அது. நான்காவது சிற்றுயிர்: டிமோ பட்டா என்று செல்லமாக அழைக்கப்படும் டாட்டா ஏஸ். இரண்டே சிலிண்டர், 702 சிசி. சுமப்பது மட்டும் அண்ணன்மார் சுமை. இந்நால்வகையில் அடங்காத மாணிக்கக் குழித் தண்ணீர்ப் பம்பை இரத்தினபுரி பாஸ்கள் இரவில் போய்ப் பார்ப்பார்கள். குழி நிரம்பிவிட்டால் விடியும்வரை பொறுக்காது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். மறுபடி திறக்க ஐந்து வருடம் ஆயிற்று. அந்த ஐந்து வருடமும் நாடு பழைய வாகனத்தில்தான் ஓடியது. பழைய வாகனம் ஓடுவதென்றால் பாஸ் ஓடுகிறார் என்று பொருள். அதே காலத்தில் பாஸ்களும் ஓடினார்கள்: 2022 ஒரே ஆண்டில் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக நாட்டைவிட்டுப் போனார்கள்; மெக்கானிக்குகளும் அதில் அடக்கம். ஆக, வாகனம் மூத்தது, பாஸ் குறைந்தார். கோலயாவின் கதை இங்கே தொடங்குகிறது.

3. மாணாக்கர் இயல்

ஓரறிவுக் கோலயா. தொட்டு மட்டும் அறிவான். தொல்காப்பியர் புல்லையும் மரத்தையும் இந்த வகுப்பில் வைத்தார். காரணம், வைத்த இடத்தில் நிற்கும். இவனும் அப்படியே. "இங்க நில்லு, டோர்ச்சப் புடி" என்றால் மாலைவரை நிற்பான். டோர்ச் பிடிப்பது எளிதென்று நினைப்பவர் பிடித்ததில்லை. பாஸின் கண் போகும் இடத்துக்கு ஒரு நொடி முன்னால் வெளிச்சம் போயிருக்க வேண்டும். முதல் மாதம் வெளிச்சம் பாஸின் முகத்தில் விழும். ஏச்சு கோலயாவின் முகத்தில் விழும். மீதி நேரம் தட்டில் டீசல் ஊற்றிப் பாகம் கழுவுவான். விரலிடுக்கு வெடிக்கும். ஆனால் அந்த விரல்தான் சிலிண்டர் லைனரின் மேல்விளிம்பில் நகம் தட்டும் மெல்லிய படியைத் தொட்டு, இது தேய்ந்துவிட்டது என்று ஒருநாள் சொல்லப்போகும் விரல்.

தொடக்கூடாத ஒன்றும் உண்டு: தூவிக்கொண்டிருக்கும் நொசலுக்குமுன் கையை நீட்டக்கூடாது. பழைய நொசலில்கூட லொறி டயரின் அழுத்தத்தைப்போல் இருபது மடங்களவு. காமன் ரெயில் என்னும் புதிய முறை வந்தபின் இருநூறு மடங்கு. தோலைத் துளைத்து டீசல் உள்ளே போய்விடும். வெளியே தெரிவது ஊசி குத்தின புள்ளிதான். கையையே இழக்க நேரிடலாம்.

இவ்வகுப்பின் பெரும் பாடம் எண்கணிதம். கராஜ் பாஸ் பெரும்பாலும் சிங்களவர். எண்கள் சிங்களத்தில் வரும். பத்து, பன்னிரண்டு தொல்லையில்லை. பதினான்காம் நம்பர் ஸ்பெனர் 'தஹஹத்தர'. பதினேழாம் நம்பர் 'தஹஹத்த'. லொறிக்கு அடியிலிருந்து, வாயில் ஒரு நட்டைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் எஞ்சின் ஓட, பாஸ் சொல்லும்போது கடைசி எழுத்து வெளியே வந்துசேராது. தமிழ்ப் பையன் ஒன்றைக் கொடுப்பான். எப்போதும் மற்றதாக இருக்கும். அறிவுள்ள கோலயா இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பான். மொழிப் பிரச்சினைக்கு இந்த நாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட நடைமுறைத் தீர்வுகளில் இது சிறந்தது.

வீட்டில் நிலைமை வேறு. 2021இல் தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது; 2024இல் 1,350 ஆயிற்று. கோலயாவுக்குக் கிடைப்பது பகல் சாப்பாடும் பஸ் காசும். "தோட்டத்துல பேர் போட்டா ஆயிரத்துச் சொச்சம் ரூபா. நீ அங்க போயி டோர்ச்சு புடிக்கிற" என்பாள் அம்மா. ஓரறிவு உயிரில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில் வாடிவிடும்.

ஈரறிவுக் கோலயா. தொடுதலோடு நாவும் சேரும். தொல்காப்பியர் இங்கே நத்தையை வைக்கிறார். டேங்கிலிருந்து டீசல் எடுக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சுவது இவன் வேலை. சரியான கணத்தில் வாயை எடுக்க வேண்டும். முந்தினால் வராது, பிந்தினால் வயிற்றுக்குப் போகும். நெஞ்சுக்குள் போனால் சளிக்காய்ச்சலைவிட மோசம். ஒரு கைப்பம்ப் வாங்கி வைக்கும் கராஜ்தான் நல்ல கராஜ். மண்ணெண்ணெய் மலிவாக இருந்த காலத்தில் அதை டீசலில் கலப்பார்கள். நாக்கு நுனியில் வைத்தே கண்டுபிடிக்கும் பாஸ்மார் இருந்தார்கள். இந்நூலாசிரியர் இந்த வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஒரு கராஜில் பள்ளி விடுமுறைக்குப் போய், மூன்றாம் நாள் பிந்திவிட்டார். அன்று இரவு சாப்பிட்ட ரொட்டியும் டீசல், மறுநாள் குடித்த தேநீரும் டீசல். எழுத்துத் தொழிலுக்கு வந்ததன் காரணம் அதுவே.

மூவறிவுக் கோலயா. மூக்கு திறந்துவிட்டது. கறையானும் எறும்பும் இந்த வகுப்பு. இரண்டும் பண்டம் இருக்கும் இடத்தை மோந்தே போகும். தெரணியகலப் பக்கத்து மலையிலிருந்து இறங்கிய லொறி கராஜ் வாசலில் நிற்கும்முன்னமே 'பிரேக் சூடு' என்பான். ஏறிவந்த லொறியென்றால் 'கிளச் பிளேட்' என்பான். ஒயில் கம்பியை உருவி மோந்து பார்த்து, டீசல் வாடை அடித்தால், டீசல் எங்கோ ஒழுகி ஒயிலில் கலக்கிறது என்று பாஸைக் கூப்பிடுவான். எங்கே ஒழுகுகிறது என்று கேட்டால் தெரியாது. மூக்கு ஊரைக் காட்டும், வீட்டைக் காட்டாது.

நாலறிவுக் கோலயா. கண் வந்துவிட்டது. நண்டும் தும்பியும் துணை. புகையை மூவண்ணமாகப் பிரிப்பான். கறுப்பு: டீசல் கூட, காற்றுக் குறைவு. நீலம்: ஒயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கும். வெள்ளை: டீசல் எரியாமல் வருகிறது, இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறது. இரண்டில் எது என்று ஐயம் வந்தால் ஒயில் கம்பியைப் பார்ப்பான். தேயிலை நாட்டுப் பிள்ளைக்கு இதைவிட எளிய சோதனை இல்லை: ஒயில் பிளேன்டீ நிறத்தில் இருந்தால் சரி. பால்தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டால் தண்ணீர் கலந்துவிட்டது. பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட். லொறிக்காரர் முகமும் அப்போது பால்தேநீர் நிறத்துக்கு வரும்.

ஐயறிவுக் கோலயா. செவி. நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் வைத்துக் கண்ணை மூடுவான். மேலே டிக் டிக் என்றால் டெப்பட் இடைவெளி. பீலர் தகடு வைத்துத் திருத்தலாம். கீழே தொம் தொம் என்று மரக்கதவைத் தட்டினால் பெயாரிங். உடனே நிறுத்த வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சின் பலவும் ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற முறையில்தான் வெடிக்கும். பள்ளிக்கூடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று படித்த பிள்ளைக்கு இது முதலில் அநியாயமாகத் தெரியும். ஐயறிவை எட்டியவனுக்கு அந்தத் தாளம் தவில்போலக் கேட்கும். ஒரு அடி விட்டுப்போனால் எந்த அடி என்றும் தெரியும்.

இந்த வகுப்பில் ஓர் ஆபத்து உண்டு. தொல்காப்பியர் விலங்கோடு, மனிதரில் ஒரு சாராரையும் ஐயறிவில் வைத்தார். எல்லாம் தெரிந்தவன்போல் தோன்றுவதால் இங்கேயே நின்றுவிடுவோர் பலர். இவர்கள் கழற்றுவதில் வல்லவர். இதற்கு இந்நூலின் ஒரே சூத்திரம்: கழுவுதல் ஒரு மாதம், கழற்றுதல் ஓர் ஆண்டு, பூட்டுதல் ஓர் ஆயுள்.

ஆறறிவு பாஸ். மனம். இதற்கு இலக்கணம் சொல்வதைவிட உதாரணம் காட்டுவது எளிது. மாலை ஆறு மணி. புளத்கொஹுபிட்டிய பக்கத்து வளைவொன்றில் கொழுந்து லொறி நின்றுவிட்டது. டிரைவர் ஸ்டார்ட் அடித்து அடித்து பெட்டரி சோர்ந்துவிட்டது. வந்து நின்ற ஐயறிவாளர் இருவரில் ஒருவர் பம்பைக் கழற்ற வேண்டும் என்கிறார். மற்றவர் நொசல் நான்கையும் கழற்ற வேண்டும் என்கிறார். பாஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்.

"டீசல் எப்ப அடிச்சீங்க?"

"இப்பதான் பாஸ். மேட்டுல முடிஞ்சிருச்சு. கேன்ல கொண்டாந்து ஊத்துனோம்."

அவ்வளவுதான். டேங்க் வறண்டபோது குழாயில் காற்று ஏறிவிட்டது. ஃபில்டர் தலையிலுள்ள சிறு திருகை இரண்டு சுற்றுத் தளர்த்துகிறார். கைப்பம்பின் குமிழைக் கோலயா அமுக்குகிறான். திருகடியில் டீசல் சோடாவைப்போல நுரைத்து வருகிறது. அமுக்கு, அமுக்கு. நுரை குறைந்து, குமிழி ஒன்றிரண்டாகி, கடைசியில் நூல்போலத் தெளிவாக ஒழுகும்போது திருகை இறுக்குகிறார். பிறகு கையை நீட்டுகிறார், "தஹஹத்த." இந்த முறை கோலயா பதினேழைத்தான் வைக்கிறான். நொசல் குழாயின் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி, டிரைவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்கிறார். சீத், சீத் என்று துப்புகிறது. இறுக்குகிறார். எஞ்சின் ஒரு கனைப்புக் கனைத்து, வெள்ளையாய்ப் புகைவிட்டு, ஓடுகிறது. பம்பும் கழலவில்லை, நொசலும் கழலவில்லை. ஐயறிவுக்கும் ஆறாவதற்கும் இடையிலுள்ள தூரம் ஒரு கேள்வி.

4. போலி இயல்

இலக்கணத்தில் போலி உண்டு, கராஜிலும் உண்டு. முதற்போலி: தொழில் பழகுமுன் குரோமியம் பூசிய ஸ்பெனர் பெட்டி வாங்கியவன். பெட்டி இன்னும் பளபளக்கிறது. இடைப்போலி: பாதியில் விட்டுப்போய் வேறோர் ஊரில் பலகை மாட்டியவன். இவனிடம் போன எஞ்சின் திரும்பி வரும். கூடவே ஒரு டின்னில் மிஞ்சிய போல்ட்டுகளும் வரும். கடைப்போலி: ஸ்கேனர் பெட்டியைச் செருகி, திரையில் வந்த எண்ணை மட்டும் வாசித்து, அது காட்டிய சென்சரை மாற்றுபவன். புதிய வாகனத்துக்கு ஸ்கேனர் கட்டாயம் வேண்டும்; ஆனால் ஒயர் எலி கடித்து அறுந்திருந்தாலும் ஸ்கேனர் சென்சரைத்தான் சொல்லும். எலியைச் சொல்ல ஆறாம் அறிவு வேண்டும். முற்றுப்போலி: கைப்பேசியில் வீடியோ பார்த்துக்கொண்டே கியர் பெட்டியைப் பிரிப்பவன். விளம்பரம் வரும் இடத்தில் அவனும் நின்றுவிடுவான்.

5. ஏழாம் அறிவியல்

தொல்காப்பியர் ஆறோடு நிறுத்தினார். அரசாங்கம் ஏழுவரை போயிற்று. இலங்கையில் தேசிய தொழில் தகைமை என்பதற்கு ஏழு மட்டங்கள் உண்டு. வாயில் வருவது என்.வி.கியூ. ஒன்று அடிப்படை. நான்கு, மேற்பார்வை இல்லாமல் தனியே வேலை செய்யக்கூடிய கைவினைஞர். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு, பட்டத்துக்குச் சமம். ஆகவே ஏழாவது அறிவு என்பது கடதாசி.

கடதாசி கொடுக்கும் வாசல்கள் பல. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய இலங்கை ஜெர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் மொரட்டுவையில் இருக்கிறது. 'ஜெர்மன் டெக்' என்றால் பஸ் கண்டக்டரே இறக்கிவிடுவார். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த பயிலுநர் சபை இன்று நைட்டா என்ற பெயரில் பிள்ளைகளை வேலைத்தளத்திலேயே பயிலுநராகச் சேர்த்துவிடுகிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தொழிற்பயிற்சி அதிகார சபைக்கு மாவட்டந்தோறும் நிலையங்கள் உண்டு. வாகனக் கம்பனிகள் சிலவும் சொந்தமாகப் பள்ளி நடத்துகின்றன.

வாசல் பல, உள்ளே பேசும் மொழி பெரும்பாலும் சிங்களம், சில இடங்களில் ஆங்கிலம். தமிழில் வகுப்புத் தேடினால் ஹட்டன் பக்கமோ வடக்குக் கிழக்கோ போக வேண்டியிருக்கும். சப்ரகமுவத் தோட்டத்துப் பிள்ளையின் நிலை விசித்திரமானது. அவனுக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. தமிழ் எழுத வரும். தொழில் தமிழில் வராது. வினாத்தாள் தமிழில் வந்தாலும் அதில் 'உட்செலுத்தி' என்றும் 'வணரித்தண்டு' என்றும் இருக்கும். ஐந்து வருடம் நொசலோடும் கிரேங்கோடும் புரண்டவன் அவற்றைப் பார்த்து, இது வேறேதோ வாகனத்துக்கு என்று நினைத்துக்கொள்வான். மொழிபெயர்த்தவர் ஒரு நாள் டோர்ச் பிடித்திருந்தால் 'நொசல்' என்றே எழுதியிருப்பார்.

இன்னொரு வாசல் இருக்கிறது. அதைப் பலரும் பார்ப்பதில்லை. பள்ளிச் சான்றிதழ் போதாமல், தொழிலைக் கராஜிலேயே கற்றவருக்காக, முன்பே கற்றதை ஏற்றுக்கொள்ளும் முறை என்.வி.கியூவில் உண்டு. எங்கே, எத்தனை வருடம், என்ன வேலை செய்தீர்கள் என்பதற்குச் சான்று சேர்த்துக் கொடுத்தால், மதிப்பிடுபவர் ஒருவர் செய்து காட்டச் சொல்லிப் பார்ப்பார். காற்று எடுக்கத் தெரியுமா, டெப்பட் வைக்கத் தெரியுமா, ஹெட் போல்ட்டை எந்த வரிசையில் இறுக்குவது என்று தெரியுமா என்பதே அங்கே முக்கியம். கராஜில் வளர்ந்தவனுக்கு இது பரீட்சையே இல்லை, திங்கட்கிழமை.

கடதாசி இல்லாத ஆறறிவு என்னவாகும்? பத்து வருடம் கழித்தும் கோலயாவாக இருக்கும். பாஸ் ஊரில் இல்லாத நாளில் முழு எஞ்சினையும் பூட்டுவான். பில் போடும்போது அவன் பெயர் வராது. வளைகுடாவுக்கு ஆள் எடுப்பவர் கடதாசி கேட்பார். சொந்தமாகக் கராஜ் போடக் கடன் கேட்டால் வங்கியும் கடதாசி கேட்கும். தோட்டத்துக் கம்பனிக்கு ஸ்டோர் மெக்கானிக் வேண்டியிருந்தால் அதுவும் கடதாசிதான் கேட்கும். 'தெரியும்' என்பதற்கு நாட்டில் இரண்டு இலக்கணம். கைக்குத் தெரிவது ஒன்று. கந்தோருக்குத் தெரிவது மற்றொன்று.

அதேபோல் ஆறறிவு இல்லாத கடதாசியும் உண்டு. அதற்கு இந்நூலில் தனி வகுப்பு வைக்கவில்லை. போலி இயலில் பார்த்துக்கொள்க.

புறனடை

சொல்லாமல் விட்டவற்றைச் சேர்த்துக்கொள்ள இடம் கொடுப்பது புறனடை. இந்நூலில் எங்கும் 'பையன்', 'அவன்' என்றே வந்திருக்கிறது. அது கராஜின் இன்றைய வழக்கு. இலக்கண விதி இல்லை. பாஸ் என்ற சொல்லில் ஆண்பால் விகுதி எதுவும் கிடையாது. விடியுமுன் எழுந்து, ரப்பர்ப் பட்டையின் எந்த ஆழத்தில் கத்தி நிற்க வேண்டும் என்று விரலால் அறியும் பால்வெட்டுப் பெண்ணின் மகளுக்கு, லைனரின் படியைத் தொட்டறிவது புதிய வித்தை ஆகாது.

வகைப்படுத்திய ஆறு உயிரும் உண்மையில் ஒரே உயிர் என்பதை வாசகர் இதற்குள் கண்டிருப்பார். பதினாறு வயதில் டோர்ச்சோடு நின்றவனே முப்பதில் "டீசல் எப்ப அடிச்சீங்க?" என்று கேட்கிறான். இடையில் அவனை வளர்த்தது பாஸ், ஏச்சு, பிளேன்டீ. ஏழாவதை மட்டும் கராஜ் கொடுக்காது. நாம் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் சொல்லாமல் வைத்த பயன் இதுதான். உங்கள் லயத்தில், பக்கத்து டிவிஷனில், யாருடைய மகனோ ஐந்து வருடமாக, பத்து வருடமாகக் கராஜுக்குப் போய்வருகிறான் என்றால், சான்றுக் கடிதம் எழுத அவனுக்கு ஒரு மாலைநேரம் கொடுங்கள். அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அவனோடு ஒரு முறை போய்வாருங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் இந்நாட்டின் ஆட்சிமொழி ஆக்கியது. விண்ணப்பப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். இல்லை என்றால், இல்லை என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.